ஒற்றைச் சானல்

வெள்ளவத்தையில் மூடிய ஸ்ரூடியோ ஒன்றிலிருந்து
இரவு பஸ்ஸில், மடியில் வைத்து,
அதைக் கொண்டுவந்தேன்.
ஒரு முழ அகலம். வரிசையாய்த் திருகுகள்.
நடுவில் ஒரு முள்.
ஒரே ஒரு குரல் போகக்கூடிய வழி.

என் மடிக்கணினி பிளகின் ஒன்று திறந்தால் விக்கும்,
இரண்டு திறந்தால் படுத்துவிடும்.
இந்தப் பெட்டி விக்காது.
ஆனால் செய்தது செய்ததுதான்.
உள்ளே போகும்போதே வெட்டும், அமத்தும், மினுக்கும்.
வெட்டியதைப் பிறகு திருப்பிக் கேட்டால்
அதனிடம் இல்லை.

பரந்தனில் ஒரு குரலை எடுக்கவேண்டுமென்றால்
முதலில் மற்றதையெல்லாம் எடுக்கவேண்டும்.
தகரக் கூரை. மூன்று சுவருக்கும் உரச்சாக்கு.
நெல்லு வெட்டும் மெசின் வயலில் இறங்கினால்
எண்பது ஹேர்ட்ஸுக்குக் கீழே அறை முழுக்க அதுதான்;
லோகட்டை அழுத்திவிடலாம்.
அரிசி ஆலை தொடங்கினால்
கரண்ட் நூற்றித்தொண்ணூறுக்கு இறங்கி
முள் தூங்கி விழும்.
யாழ்தேவிக்கு நேரம் உண்டு, பொறுத்திருக்கலாம்.
மயிலுக்கு என்ன நேரம்?

மயிலுக்காகத்தான் கேற்றைப் போட்டேன்.
கேற் என்றால் பெரிய விசயமில்லை.
சத்தம் ஒரு அளவுக்கு மேல் வந்தால் திறக்கும்,
குறைந்தால் சாத்தும்.
ஆள் பார்க்காது.

குகநேசன் பாண் ஓட்டோ வாங்கியிருந்தான்.
எல்லாப் பாண் ஓட்டோவும் வாசிக்கிற அந்த ஒரே மெட்டு
அவனுக்கு ஒத்துவராது.
"என்ர மனிசி சொல்லட்டும்" என்றான்.
வதனரூபி பயணப் பையோடு வந்தாள்.
இரவு பஸ். நாளைக்குக் குவைத்.

மைக்கைக் கன்னத்துப் பக்கம் சாய்த்துவைத்தேன்,
இல்லாவிட்டால் 'ப' வெடிக்கும்.
அவளிடம் இருந்ததெல்லாம் 'ப':
பாண், சுடச்சுடப் பாண்,
பணிஸ், மாலுபாண்,
பிள்ளையள் எழும்பமுதல் வாங்கோ.
கொம்பிரெசர் நாலுக்கு ஒன்று.
முள் ஐந்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.
ஒரே தடவைதான்.
"சரியோ தம்பி?"
சரி என்றேன்.

இரவு ஹெட்போனில் கேட்டேன்.
மயில் இல்லை. மெசின் இல்லை.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்
வதனரூபியும் இல்லை.
அவள் இழுத்த மூச்சையெல்லாம் வெளியே விட்டுச்
சாத்தியிருந்தது கேற்.
பாண், சுவர். பணிஸ், சுவர்.
மூச்சுவிடாத ஒரு பெண் பாண் விற்றுக்கொண்டிருந்தாள்.

போன் அணைந்திருந்தது.

வேறு வழி தெரியவில்லை.
கேற்றைக் கழற்றி, கெயினைக் கூட்டி
அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன்.
பதினொரு முறை மூச்செடுத்தேன்.
அவசர மூச்சு, அரை மூச்சு,
சொல்லி முடிந்தபின் தோளை இறக்கிவிடுகிற மூச்சு.
எல்லாம் தடிப்பாய் இருந்தது.
ஈக்யூவில் இருநூறைக் குறைத்து
மேலே பத்தாயிரத்தில் ஒரு நெல்லளவு ஏற்ற
அவளுடையது மாதிரி வந்தது.
எட்டாவதில் தூரத்து மயில் ஒன்று விழுந்திருந்தது.
விட்டுவிட்டேன்.

ஆறு மாதமாய் முல்லைத்தீவு வீதியால்
தருமபுரம் மட்டும் அது போய்வருகிறது.
விடிய ஐந்தரைக்கு என் ஒழுங்கைக்குள்ளும் வரும்.
நான் இரண்டு றாத்தல் வாங்குவேன்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
பாண் ஏழரைக்கு முன் முடிந்துவிடுகிறதாம்.

போன கிழமை குவைத்திலிருந்து அழைத்தாள்.
மகன் பாண் எண்ணுகிற வீடியோ ஒன்றை
குகநேசன் அனுப்பியிருக்கிறான்.
பின்னால் அவள் குரல்.

"தம்பி, பணிசுக்கு முதல் நான் மூச்செடுக்கேல்லை.
பாண், பணிஸ் ரெண்டையும் ஒரே மூச்சிலதான் சொன்னனான்.
எனக்கு நல்லா ஞாபகம்.
ஆர் அது?"

அவள் பக்கம் ஏசி ஒன்று இரைந்தது,
நூறு ஹேர்ட்ஸ் இருக்கும்.
என் பக்கம் மதிலில் மயில்.
அவளுக்குக் கேட்டுவிடுமே என்று
மூச்செடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.